இருத்தலும் விடுத்தலும்

ஒருவரைத் தம்மோடு இருத்திக்கொள்வது அன்பின் செயல் என்றும், விடுத்தல் கணக்கின் செயல் என்றும் நாம் பொதுவாக எண்ணுகிறோம். யானும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது நூலொன்றன்று. பனிக்கட்டித் தளத்தின்மேல் ஆடப்பெறும் ஹாக்கி விளையாட்டும், அதனைக் குறித்து என் தாய்மாமனோடு யான் நிகழ்த்திய நீண்டதொரு வழக்குமே. தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் பனிக்கட்டி ஹாக்கியைப்பற்றி எழுதப் புகுந்தானே என நகைக்கும் நண்பர்கள் இருப்பர். அவர்கள் சற்றே பொறுத்து இதனை முடிவுகாறும் வாசிக்க வேண்டுகிறேன்.

என் மாமா அமெரிக்க நாட்டில் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் பல்லாண்டுகளாக வாழ்பவர். 2019-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் வந்தபொழுது எனக்கு நீலச்சட்டை ஒன்று கொணர்ந்தார். அதன் முதுகில் 20 என்ற எண்ணும் கிரைடர் என்ற பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. அப்பொழுது எனக்கு வயது பதின்மூன்று. எங்கள் கடற்கரையூரில் பனிக்கட்டி என்பது மீன்பெட்டியிலன்றி வேறெங்கும் காணக்கிடையாத பொருள். சட்டையின் பெயருக்குரியவர் யாவர் என்று அறியும் அவாவினால் வினவத் தொடங்கினேன், வினவியவன் பார்க்கத் தொடங்கினேன், பார்த்தவன் மீளவில்லை. நியூயார்க்கில் மாலை ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் குளிர்காலத்தில் நமக்கு விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்குவது. பாடம் படிக்க எழுப்பினால் எழாத பிள்ளை, ஹாக்கி பார்க்கத் தானே எழுகிறான் என்று என் தாயார் வியப்பார்கள்.

கிரிஸ் கிரைடர் 1991-இல் பிறந்தவர், மாஸசூசெட்ஸ் மாநிலத்தவர். அந்நாட்டுத் தேசிய ஹாக்கிச் சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் ஆண்டுதோறும் முறைவைத்து இளைஞரைத் தேர்ந்துகொள்ளும் நிகழ்ச்சியொன்று உண்டு. 2009-இல் நடந்த அத்தேர்வில் 19-ஆம் இடத்தில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் கழகம் இவரை எடுத்தது. 2012-இல் பாஸ்டன் கல்லூரி அணியில் ஆடித் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்ற சில நாட்களிலேயே இவர் ரேஞ்சர்ஸ் அணியிற் சேர்ந்தார். முறையான பருவத்தில் ஓர் ஆட்டமேனும் ஆடுமுன்னரே, கோப்பைக்குரிய இறுதிச்சுற்றுகளில் 5 கோல்கள் இட்டார். நம்மைப்போற் கல்லூரி மாணவராயிருந்தவர் ஒருவர் ஒரு திங்களுக்குள் அத்துணைப் பேர் பெற்றார் என்பதே அன்று என்னை முதலிற் கவர்ந்தது.

இவர்தம் ஆட்டமுறை தனிச்சிறப்புடையது. பந்துக்குப் பதிலாகக் கருநிற ரப்பர் வட்டொன்றைக்கொண்டு இவ்விளையாட்டை ஆடுவர். கிரைடர் எதிரணியின் கோல் காவலருக்கு நேர்முன்னே போய் நின்று அவர் கண்ணை மறைப்பார். தோழர் தொலைவிலிருந்து அடிக்கும் வட்டை மட்டையின் நுனியால் தொட்டுத் திசைதிருப்புவார். அவ்விடத்தில் நிற்பவரை எதிரணியினர் முதுகிலும் காலிலும் இடித்துத் தள்ளுவர். விரைந்து வரும் வட்டும் உடலிற்படும். அழகிய ஆட்டம் என்று ஒருவரும் அதனைப் புகழார். ஆயினும் பிறர் அடிக்கும் அடி கோலாவதற்கு இடைநின்று துன்பமேற்கும் ஒருவர் வேண்டும். ஈராறு ஆண்டுகட்கு மேலாக ரேஞ்சர்ஸ் கழகத்தில் அவ்விடத்தில் நின்றவர் இவரே.

இனி அக்கழகத்தின் நிலையைக் கூறுவேன். ரேஞ்சர்ஸ் ஸ்டான்லி கோப்பையை இறுதியாக வென்றது 1994-இல். 2014-இல் இறுதிப் போட்டிவரை சென்று லாஸ் ஏஞ்சலிஸ் அணியிடம் தோற்றது. பின்னர் ஆட்டக்காரர்களுக்கு வயதேற, வலி குன்றியது. 2018 பிப்ரவரி 8-ஆம் நாள் கழகத் தலைவர் கிளென் ஸேதரும் பொது மேலாளர் ஜெப் கோர்டனும் ஆதரவாளர்க்கு ஒரு திறந்த மடல் விடுத்தனர். அணியைப் புதிதாகக் கட்டப்போகிறோம், நீங்கள் அன்பு பாராட்டும் சிலர் நம்மைவிட்டுச் செல்ல நேரும் என்பது அதன் கருத்து. சொன்னவண்ணமே அத்திங்களில் ரிக் நாஷ் பாஸ்டனுக்கும், அணித்தலைவர் ரயன் மக்டோனா தம்பா பேக்கும் கைமாற்றப்பட்டனர். மறுவருடம் பிப்ரவரியில் கெவின் ஹேய்ஸும், ரசிகர்களின் செல்லப்பிள்ளையாயிருந்த நார்வே நாட்டு மாட்ஸ் ஸுக்கரெல்லோவும் சென்றனர். 2020-இல் முறை கிரைடரை வந்தடைந்தது.

ஏன் செல்லவேண்டும் என்று கேட்பார்க்கு அவ்விளையாட்டின் பொருளியலைச் சிறிது விளக்கவேண்டும். 2004-05 பருவம் முழுவதும் சம்பளத் தகராற்றினால் ஆட்டமின்றியே கழிந்தது. அதன்பின் ஒவ்வொரு கழகமும் ஆட்டக்காரர்க்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்திற்கு ஒரு வரம்பு விதிக்கப்பட்டது. 2019-20 பருவத்தில் அவ்வரம்பு 81.5 மில்லியன் டாலர். ஆதலால் ஒருவர்க்கு மிகுத்துக் கொடுத்தால் மற்றொருவர்க்குக் குறைத்தே ஆகவேண்டும். கிரைடரின் ஒப்பந்தமோ அப்பருவத்தோடு முடிவது. முடிந்தபின் அவர் தாம் விரும்பிய கழகத்திற்குச் செல்லலாம். ரேஞ்சர்ஸுக்கு அதனால் ஒரு காசும் கிடையாது. ஆகவே கைமாற்றத்திற்குக் கடைநாளாகிய பிப்ரவரி 24-க்குள், புதிய ஒப்பந்தம் செய்து அவரை இருத்திக்கொள்ளவேண்டும். அல்லது கோப்பையை நாடும் வேறொரு கழகத்திற்குக் கொடுத்து, இளைஞரையோ வருங்காலத் தேர்வுரிமையையோ ஈடாகப் பெறவேண்டும்.

இங்கேதான் மாமாவுக்கும் எனக்கும் வழக்குத் தோன்றிற்று. விடுத்தலே தக்கது என்பது மாமாவின் கட்சி. "அவருக்கு வயது இருபத்தெட்டு. நெடிய ஒப்பந்தம் கேட்பார். கொடுத்தால் முப்பத்தாறு வயதுவரை சம்பளம் அளக்கவேண்டும். இடிபடுவதே அவர் தொழில். அத்தொழிலில் உடல் எத்தனை நாள் நிற்கும்? நம் இளைஞர்கள் முற்றி ஆடத்தொடங்கும்போது இவர் தளர்ந்திருப்பார். இப்போதுதான் விலை உச்சம், இப்போதே கொடுக்கவேண்டும்" என்று அவர் தொலைபேசியில் அடுக்கினார். என்னிடமிருந்த மறுமொழி ஒன்றே: "என் சட்டையில் அவர் பெயர் இருக்கிறதே, மாமா!" மாமா உரக்கச் சிரித்தார். "மருமகனே, சட்டையிலுள்ள பெயரை மாற்றத் தையற்காரன் இருக்கிறான். வயதை மாற்ற எந்தத் தையற்காரனும் இல்லை" என்றார்.

அந்த 24-ஆம் நாளில் செய்தி வந்தது. கழகம் கிரைடரை ஏழாண்டுகட்கு இருத்திக்கொண்டது. ஆண்டுக்கு 6.5 மில்லியன் டாலராக மொத்தம் 45.5 மில்லியன் டாலர் என்பது ஒப்பந்தம். அந்நாளைய வரம்பில் ஏறக்குறைய நூற்றுக்கு எட்டுப் பங்கு. அதே நாளில் பிரேடி ஷே என்னும் தற்காப்பு ஆட்டக்காரரை ஒரு முதற்சுற்றுத் தேர்வுரிமைக்கு ஈடாகக் கரோலினா கழகத்திற்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரே கழகம் ஒரே நாளில் ஒருவரை இருத்தி மற்றொருவரை விடுத்த அந்நிகழ்ச்சியை யான் அப்பொழுது கருதிப் பார்க்கவில்லை. வென்றேன் என்று குதித்தேன். நான்கு நாட்களில் கிரைடரின் பாதத்தில் வட்டுப்பட்டு எலும்பு முறிந்தது. மாமா தொலைபேசியில் ஒன்றும் பேசாமல் சிரித்ததை மட்டும் கேட்டேன். அடுத்த திங்களிற் பெருந்தொற்றுப் பரவி ஆட்டங்கள் நின்றன. ஆண்டுதோறும் உயரும் என்று நம்பியிருந்த சம்பள வரம்பு அடுத்த இரு பருவங்களிலும் 81.5 மில்லியனிலேயே நின்றுவிட்டது. மாமாவின் கட்சியே மெய்யாகும்போலத் தோன்றிற்று.

ஆயின் 2021-22 பருவம் வந்தது. கிரைடர் அப்பருவத்தில் 52 கோல்கள் இட்டார். அக்கழகத்தில் ஒரே பருவத்தில் ஐம்பதை எட்டியவர்கள் அவருக்குமுன் மூவரே: விக் ஹாட்பீல்டு, ஆடம் கிரேவ்ஸ், யாரொமீர் யாகர். எதிரணியில் ஒருவர் தண்டம் பெற்று வெளியேறியிருக்கும் வேளைகளில் மட்டும் இட்டவை 26. அவை பெரும்பாலும் காவலர்முன் நின்று அடிபட்டுப் பெற்றவையே. ஆர்டெமி பனாரின், ஆடம் பாக்ஸ், கோல் காவலர் ஷெஸ்டர்கின் முதலியோர் அவரோடு கூடி ஆட, அணி கிழக்குப் பிரிவின் இறுதிவரை சென்றது. அங்கே அதனை வீழ்த்தியது தம்பா பே. அவ்வணியின் தற்காப்பில் நின்றவர் யார் எனின், 2018-இல் ரேஞ்சர்ஸ் விடுத்த அதே மக்டோனா! இடையில் அவர் தம்பா பே அணியோடு 2020, 2021 என்னும் ஈராண்டும் ஸ்டான்லி கோப்பையை வென்றிருந்தார். அவருக்கு ஈடாக ரேஞ்சர்ஸ் பெற்றவருள் ஒருவரேனும் அவரிடத்தை நிரப்பினாரல்லர்.

2024 மே 17-ஆம் நாள் விடியற்காலையை யான் மறவேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்து கல்லூரிக்கு விண்ணப்பித்திருந்த நாட்கள் அவை. கரோலினா அணியோடு ஆறாம் ஆட்டம். அவர்கள் நாட்டில் அன்று மே 16 இரவு. இரு பகுதிகள் முடிந்தபோது ரேஞ்சர்ஸ் 1-3 எனப் பின்தங்கியிருந்தது. மூன்றாம் பகுதியிற் கிரைடர் அடுத்தடுத்து மூன்று கோல்கள் இட்டார். மூன்றும் கோலுக்கு மிக அண்மையிலிருந்து இட்டவை. அணி 5-3 என வென்று அடுத்த சுற்றுக்குச் சென்றது. மாமா அங்கிருந்து, "மருமகனே, ஒப்புக்கொள்கிறேன். நீ வென்றாய்" என்றார். நான்கு ஆண்டு வழக்கு அன்று தீர்ந்ததென்று மகிழ்ந்தேன்.

தீரவில்லை. அடுத்த பருவத்தில் அணி சரிந்தது. முந்திய பருவத்தில் 114 புள்ளிகளுடன் சங்கம் முழுவதிலும் முதலிடம் பெற்ற கழகம், 2025-இல் இறுதிச்சுற்றுகளுக்கே தகுதி பெறவில்லை. முந்திய பருவத்தில் 39 கோல்கள் இட்டிருந்த கிரைடர், காயத்தாலும் நோயாலும் மெலிந்து 68 ஆட்டங்களில் 22 கோல்களே இட்டார். அவரை விடுக்கக் கழகம் ஆயத்தமாயிருக்கிறது என்னும் செய்தி 2024 நவம்பரிலேயே பத்திரிகைகளில் வெளியாகிவிட்டது. 2025 ஜூன் 12-ஆம் நாள் அவரை அனஹைம் டக்ஸ் கழகத்திற்கு மாற்றினார்கள். ஈடாகக் கிடைத்தவை ஓர் இளம் ஆட்டக்காரரும் மூன்றாஞ்சுற்றுத் தேர்வுரிமை ஒன்றும். 326 கோல்கள் இட்டு, ராட் ஜில்பர், ஜான் ரட்டெல் என்னும் இருவரை அடுத்து அக்கழக வரலாற்றில் மூன்றாமிடம் பெற்றவர்க்கு அவ்வளவே விலை.

மறுநாள் மாமா அழைத்தார். "அவரை அனுப்பியிருக்கக்கூடாது. பதின்மூன்று ஆண்டு அடிபட்டவனுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. யானோ அதனைக் கவனித்தேனல்லேன். கல்லூரியில் ஓராண்டு கற்று, வழக்காடும் திறன் வளர்ந்துவிட்டதென்ற செருக்கு எனக்கு. "ஆறரை மில்லியன் டாலருக்கு இடம் கிடைத்ததே, மாமா! தளர்ந்தவரை வைத்துக்கொண்டு அணி என்ன செய்யும்? வயதை மாற்றத் தையற்காரன் இல்லை என்று சொன்னவர் நீங்கள் அல்லவா?" என்றேன். அப்பால் சிறிது நேரம் ஓசையில்லை. பின்னர், "சரிதான், மருமகனே" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் தாயார் முகம் வாடிற்று. "ஏன் அப்படிச் சொன்னாய்? மாமாவுக்கு மார்ச்சு மாதத்திலேயே வேலை போய்விட்டது. பதினெட்டு வருடம் உழைத்த இடம். பிள்ளைகளிடம் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருந்தார்" என்றார்கள். யான் சொல்லிய ஒவ்வொரு சொல்லும் திரும்பிவந்து என்னையே தைத்தது. மாமா பேசியது கிரைடரைப்பற்றி மட்டுமன்று என்பதை உணர எனக்கு ஒரு நாழிகைகூட வேண்டியிருக்கவில்லை. உணர்ந்தும் அன்று திரும்ப அழைக்க நாணம் தடுத்தது.

அவ்விடுமுறையில் திருக்குறட் பொருட்பாலை முறையாகக் கற்கத் தொடங்கியிருந்தேன். அதில் 52-ஆம் அதிகாரம் தெரிந்துவினையாடல். இன்னார் இன்ன வினைக்குரியர் என ஆராய்ந்து அவரை ஆளுதலைக் கூறுவது. அதனை அடுத்த 53-ஆம் அதிகாரமே சுற்றந்தழால். தம்மைச் சார்ந்தோரைத் தழுவிக்கொள்ளுதலைக் கூறுவது. ஒன்று கணக்கு, மற்றொன்று அன்பு என்று பிரித்து, ஒன்றைப் பற்றுவோர் மற்றொன்றைக் கைவிடல் வேண்டும் என நானும் மாமாவும் மாறிமாறி வழக்காடினோமே. வள்ளுவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாரன்றோ என்று அப்பொழுதுதான் எண்ணினேன்.

அவ்வெண்ணத்தோடு பழைய வழக்கைப் புதிதாக ஆராய்ந்தேன். 2020-இல் கிரைடரை இருத்தியது சரியே என்பது இன்றும் என் துணிபு. ஆயின் காரணம் என் சட்டையன்று. புதிதாகக் கட்டப்பெறும் அணி மூன்று வினாக்களைக் கேட்டல்வேண்டும். அணி மீண்டும் வலிபெறுவது எப்போது? அப்போதும் இவர் பயன்படுவாரா? இவர் செய்யும் வேலையை, இவருக்கு ஈடாக வருபவர் செய்வாரா? பனாரினும் பாக்ஸும் ஷெஸ்டர்கினும் 2020-க்குள் வந்துவிட்டமையால், அணி எழும் நாள் மாமா எண்ணியதைவிட அண்மையில் இருந்தது. கிரைடர் நின்ற இடத்தில் நிற்கக்கூடிய இளைஞர் எவரும் இலர். தேர்வுரிமை என்பது ஒரு நம்பிக்கையேயன்றி ஓர் ஆளன்று என்பதை மக்டோனாவின் கதை காட்டிற்று. அதே நாளில் ஷேயை விடுத்தது இதற்கு முரணுமன்று. ஒவ்வொருவர்க்கும் இவ்வினாக்களின் விடை வேறாதலின் என்க.

மாமாவின் கட்சியிலும் மெய் இருந்தது. ஏழாண்டு ஒப்பந்தத்தின் இறுதியாண்டுகள் பாரமாகும் என்று அவர் கூறியது பொய்க்கவில்லை. ஆனால் அது கைச்சாத்திடும் நாளிலேயே யாவரும் அறிந்த செய்தி. முதல் ஐந்தாண்டின் உழைப்புக்குரிய கூலியிற் ஒரு பகுதியே இறுதி ஈராண்டின் சம்பளம் என்று கருதுவோனே அத்தகைய ஒப்பந்தத்திற் கையெழுத்திடத் தக்கவன். கோப்பை கிடைக்கவில்லையே எனின், இருத்தலும் விடுத்தலும் கோப்பையைத் தருவனவல்ல. அதற்கு முயல ஒரு வாய்ப்பைத் தருவனவே. அவ்வாய்ப்பு 2022-லும் 2024-லும் இருமுறை கைக்கு எட்டியது.

2025-இல் விடுத்ததும் கணக்களவிற் பிழையென்று சொல்லேன். ஆயின் மேற்கூறிய மூன்று வினாக்களோடு நான்காவதொன்றும் உண்டு: விடுக்கும்போது அவரோடு எவ்வாறு பேசுகிறோம்? 2018-இல் எல்லாருக்கும் முன்கூட்டியே மடலெழுதிச் சொன்ன கழகம், 2024-இல் தன் மூத்த ஆட்டக்காரரின் செய்தியை ஊரார் பத்திரிகையில் வாசிக்க விட்டது. ஒருவரை விடுத்தல் சில வேளை தவிர்க்கவொண்ணாதது. அவர் செய்ததை மறந்து பேசுதல் எப்போதும் தவிர்க்கக்கூடியது. இதனைக் கழகத்தாருக்குக் கூறும் தகுதி எனக்கில்லை. தொலைபேசியில் அதே பிழையைச் செய்தவன் யான்.

மூன்று நாள் கழித்து மாமாவை அழைத்தேன். "மாமா, அன்று தவறாகப் பேசிவிட்டேன். மன்னிக்கவேண்டும்" என்றேன். அவர் வேலையைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. "கலிபோர்னியாவில் பனி பெய்யாது, மருமகனே. அங்கேயும் ஆடுகளம் வைத்திருக்கிறார்கள் பார்" என்று மட்டும் சொல்லிச் சிரித்தார். செப்டம்பரில் அவருக்கு வேறோர் இடத்தில், முன்னையினும் குறைந்த ஊதியத்தில், வேலை கிடைத்தது.

அந்த நீலச்சட்டை இப்பொழுது எனக்குப் போதாது. என் தம்பி அணிகிறான். சென்ற விடுமுறையில் அவன், "அண்ணா, இவர்தான் அந்த அணியில் இல்லையே. தையற்காரரிடம் கொடுத்துப் பெயரைப் பிரித்துவிடலாமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஏன் என்றான். கிரைடர் யார் என்பதை முதலிலிருந்து அவனுக்குச் சொல்லத் தொடங்கினேன்.